ஐந்தாவது பை

அதை மேசையில் வைத்ததும் தையல் மெசினின் மிதியிலிருந்து அவளுடைய கால் தானாக இறங்கியது.

கறுப்புச் சாயம் ஏற்றியிருந்தது. தோள்பட்டிகளை அறுத்துவிட்டு, இடுப்பில் கட்ட ஒரு பெல்ட் வைத்திருந்தது. பைகளின் வாயில் குறடும் திருப்புளியும் உரசிய தடம்.

வயரிங் வேலைக்காரரின் சாமான் என்று யாருக்குக் காட்டினாலும் நம்புவார்கள்.

பிள்ளைக்கு வேறு சட்டை போட்டுக் காட்டினால் பெற்றவள் ஏமாறுவாளா?

அது கோல்சர். சண்டைக் காலத்தில் இயக்கத்துப் பிள்ளைகள் நெஞ்சில் கட்டியது. துவக்கில் ரவை மகசின் தீரத் தீர, அடுத்ததை அதிலிருந்துதான் உருவி மாட்டுவார்கள்.

இது அவள் தைத்தது.

கொண்டுவந்தவள் இளம்பெண். இடுப்பில் குழந்தை. கள்ளமில்லாத முகம்.

"அவற்ர வேலைப் பை அக்கா. பக்கத் தையல் விட்டிட்டுது. நாங்கள் இப்பத்தான் இந்த ஊருக்கு வந்தனாங்கள், வேற கடை தெரியாது."

அவள் பையைத் திருப்பினாள். மூலையில் கொக்கி இருந்தது.

இயக்கத்தின் தையல் பகுதியில் அவள் இருந்த காலம், அங்கே ஒரு கட்டுப்பாடு. கோல்சர் தைக்கிறவள் கடைசித் தையலில் தன் அடையாளத்தை விடவேண்டும். களத்தில் தையல் விட்டால் யாருடைய கை என்று பிடிபட வேண்டுமே. அவளுடைய அடையாளம் தூண்டில் முள் அளவில் நூலால் ஒரு கொக்கி.

இந்தக் கோல்சரைக் கட்டியவன் இடக்கைக்காரன். எல்லாருக்கும் பொருந்திய கோல்சர் அவனுக்கு மட்டும் முரண்டு பிடித்தது. மகசினை உருவக் கண் இமைக்கும் நேரம் பிந்தினாலும் ஆள் மிஞ்சாது. மூடிகள் எல்லாம் மறுபக்கம் திறக்கும்படி அவள் மாற்றித் தைத்தாள். யாரும் சொல்லாமலே, நாலு பைகளுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு குட்டிப் பையும் வைத்தாள்.

"இது எந்தத் துவக்கின்ர மகசினுக்கு?" என்று சிரித்தான்.

அதற்குள் ஒரு பனங்கட்டித் துண்டை வைத்துக் கொடுத்தாள். சீனியைக் கண்ணால் காணாத காலம். வெறும் தேத்தண்ணிக்குக் கடித்துக்கொள்ளட்டும் என்று.

பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவான். பேசும்போது அவனுடைய பெருவிரல் அந்தக் கொக்கியைத் தடவிக்கொண்டே இருக்கும். தடவுவது தன் கன்னத்தை என்று அவள் நினைத்துக்கொள்வாள். ஆசை வெட்கம் அறியாது.

கடைசிச் சண்டையில் அவன் போய்விட்டான் என்றார்கள். அவளும் போய்விட்டாள் என்று அவனுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தச் செய்திக்கு மட்டும் அப்போது பஞ்சமில்லை. அவள் நம்பினாள், நம்பாமலும் இருந்தாள். பெண் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி அனுப்பினாள்.

ஒருவேளை இது யாரோ கண்டெடுத்ததாக இருக்கலாம்.

"இந்தச் சின்னப் பை சும்மாதானே கிடக்குது. வெட்டிவிடட்டோ?" என்று கேட்டாள்.

"ஐயோ அக்கா, அதில கை வைச்சா மனுசன் ஏசும். அதுக்குள்ள எந்த நேரமும் ஒரு பனங்கட்டித் துண்டு கிடக்கும். ஆளுக்குச் சீனி வருத்தம், வாயில வைக்கமாட்டார். சும்மா வைச்சிருப்பார். எறும்பு மொய்க்குதெண்டு நான்தான் எறிஞ்சிட்டுக் கொண்டுவந்தனான்."

இருக்கிறான்.

உயிரோடு இருக்கிறான். முதலில் வந்தது அந்தச் சந்தோசம்தான். குழந்தையின் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

தைக்க வரும் சாமானில் பெயர் எழுதி வைப்பது கடை வழக்கம். சோக்கட்டியை எடுத்தாள்.

"ஆற்ர பேர் போட?"

"உதயசீலன் எண்டு போடுங்கோ. பின்னேரம் அவரே வந்து எடுப்பார்."

உதயசீலன்.

அவளுக்குத் தெரிந்தது இயக்கப் பெயர். சொந்தப் பெயரைக் கேட்கக்கூடாது, சொல்லவும் கூடாது. அவனுடைய பெயரை இன்றைக்குத்தான், அவன் பெண்சாதியின் வாயால் கேட்கிறாள்.

பின்னேரம் வருவான். இந்த வாசலில் நிற்பான். எத்தனை வருசமாக வேண்டிக் கிடந்த வரம், தானாக நடந்து வருகிறது.

குழந்தை எட்டி அவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைப் பிடித்து இழுத்தது. இழுத்துவிட்டு, தாயைப் பார்த்துச் சிரித்தது.

சோக்கட்டியைத் திரும்ப வைத்தாள்.

"இருங்கோ தங்கச்சி. இப்பவே தைச்சுத் தாறன்."

மெழுகு பூசிய படங்குத் துணி. மெசின் முனகிக்கொண்டு ஓடியது. ஓரம் வந்தது. துணி அவளுடைய கையில் தானாகத் திரும்பியது.

கொக்கி விழுந்துவிட்டது. பழையதற்குப் பக்கத்தில் புதியது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தையல் பழக்கமும் அப்படித்தான்.

அவனுடைய விரல் பட்டால் போதும். அவள் இருப்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.

பிளேட்டை எடுத்தாள். புதிய கொக்கியை ஒவ்வொரு தையலாக அறுத்தாள்.

"ஏனக்கா?"

"பிழைச்சுப்போச்சு."

நேராகத் தைத்து முடித்தாள். எந்தக் கடையிலும் தைக்கிற தையல்.

அந்தப் பெண் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "நல்லாத் தைச்சிருக்கிறியள். அக்காவின்ர பேரென்ன? அவருக்குச் சொல்லோணும்."

"புஸ்பராணி."

அது வீட்டில் வைத்த பெயர். அவனுக்கு அவள் நிறைமதி.

குழந்தை கையை ஆட்டியது. அவளும் ஆட்டினாள். வெயிலில் அவர்கள் சந்தைப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெழுகுப் படங்கில் ஊசித்துளை மூடாது. நூலை அறுத்தாலும் துளை நிற்கும், விரலால் தடவினால் தட்டுப்படும். தையல் பகுதியில் முதல் பாடமே அதுதான்.

பிளேட்டை எடுக்கும்போதே அது அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு மற்ற நாட்களை விடக் கொஞ்சம் பிந்தித்தான் கடையைப் பூட்டினாள்.