ஃபைனலுக்கு முந்தைய ரிப்பேர்

"கையும் களவுமா மாட்டினியா!"

வீடியோ கேம் கடைக்கார அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். பழைய சண்டை கேம் மெஷினின் பின்பலகை கழன்று கிடந்தது. உள்ளே தலையை விட்டிருந்த ஏசி மெக்கானிக், மூக்கெல்லாம் தூசியோடு வெளியே வந்தான்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஃபைனல். ஜெயிப்பவருக்கு அந்த மெஷினே பரிசு. மெக்கானிக் அதற்காக வீட்டில் பீரோவை நகர்த்தி இடம்கூட ஒழித்து வைத்துவிட்டான். எதிரே ஆடப்போவது டெலிபோன் ஆபரேட்டர் மேடம். மற்ற எல்லோரையும் மண்ணைக் கவ்வ வைத்தவர், இவனிடம் மட்டும் தோற்றுவிடுவார்.

"ஃபேன் சத்தம் தாங்கலைக்கா, அதான்..."

"இத்தனை வருஷமா இதே சத்தத்துலதானே எல்லாரையும் அடிச்சுத் தள்ளினே? இன்னிக்குத்தான் காது வலிக்குதாக்கும்!"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான்.

"போன வாரம் அந்த ஃபேன் நின்னுபோச்சு. ஒரு தட்டு தட்டினேன், ஓடுது. அதைப் போய் ஏன்டா நோண்டுறே?"

"சும்மா கழட்டிப் போட்டா போர்டு சூடாகிப் படுத்துடும்க்கா. அதான் மெதுவா சுத்துற பெரிய ஃபேனா மாட்டி, பலகை அதிராம இருக்க ரப்பர் வாஷர் வெச்சேன். வேற எதையும் தொடலை."

"தொடலைன்னு யார் சாட்சி?"

சாட்சிக்கு யாரும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"பட்டன்ல என்னமோ பண்ணிட்டான்."

"மெஷின் மேல அவ்வளவு ஆசை!"

அக்கா இரண்டு பக்கமும் தானே ஆடிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"எந்தப் பக்கம் நிக்கணும்னு நான்தான் சொல்வேன்."

"சரிக்கா."

கோபப்பட்டிருந்தாலாவது நம்பியிருப்பாள். இப்படிப் பூனை மாதிரி நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஆபரேட்டர் மேடம் வேலை முடிந்து நேராக வந்தார். கைப்பையை மாட்டிவிட்டு, பட்டன்களில் விரல்களை வைத்தவர் திகைத்தார்.

"மெஷின் ஓடுதா?"

"ஓடுது மேடம், ஃபேனை மாத்தியிருக்கேன்" என்றான் மெக்கானிக்.

"அப்படியா!" என்று தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார்.

முதல் ரவுண்டு மெக்கானிக்குக்கு. அதோடு சரி. அடுத்த இரண்டிலும் மேடம் பிச்சு உதறிவிட்டார். அவன் குதித்தால் அவர் குனிந்தார், அவன் உதைக்கும் முன்பே தடுத்தார். அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு ஆடித்தான் தோற்றான்.

"ஏதோ திருகப் போய், தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டான்!" கடையே சிரித்தது.

"தம்பி, இன்னிக்குத்தான் கேம்ல உங்க ஆளு கால் எடுத்து வெக்கிறதுகூட எனக்குக் கேட்டுது!" என்றார் மேடம், குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு. பையிலிருந்து மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கோலை எடுத்து விரித்தார். "ஆமா, இவ்வளவு பெரிய பரிசை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோறது?"

"நானே வண்டியில ஏத்திட்டு வந்து இறக்கித் தரேன் மேடம்."

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தினமும் பார்க்கிறவள்தான். கண் தெரியாமலே என்னமாய் ஆடுகிறார் என்று மெச்சியதோடு சரி. அவர் காதுக்குக் குறுக்கே என்ன நிற்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மேடம் வாசலைத் தாண்டியதும் மெல்லக் கேட்டாள்.

"உனக்கு எப்படிடா தோணுச்சு?"

"போன வாரம் ஃபேன் நின்னுபோச்சே, அந்தக் கொஞ்ச நேரத்துலதான் நான் முதல் தடவையா அவங்ககிட்ட தோத்தேன்."

"அது தெரிஞ்சுமா? பேசாம இருந்திருந்தா மெஷின் உன் வீட்டுல இருக்குமேடா!"

மெக்கானிக் கீழே கிடந்த பழைய ஃபேனை எடுத்துத் தூசியை ஊதினான்.

"நியாயமாப் பார்த்தா மெஷின் இந்த ஃபேனோட வீட்டுக்குத்தான் போயிருக்கணும்க்கா. இத்தனை நாளா அவங்களை ஜெயிச்சது இதுதானே!"