சாம்பல் லேபிள்

ஓர் அலமாரியில் இரண்டு ஸ்காட்ச் பாட்டில்களும் ஒரு கிளாஸும் இருந்தன. விருந்தாளிகள் எல்லாரும் தங்க லேபிள் ஒட்டியதைத்தான் கேட்பார்கள். சாம்பல் லேபிள் ஒட்டியதும் நல்ல சிங்கிள் மால்ட் விஸ்கிதான். பெயர் தெரியாததால் ஒன்பது வருடமாக அதை யாரும் தொடவில்லை.

ஒரு மதியம், வீடு பூட்டியிருந்தபோது, அலமாரிக் கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை. சாம்பல் லேபிளின் தக்கை தானாகக் கழன்றது. கிளாஸ் அந்தரத்தில் எழும்பிச் சாய்ந்தது.

"தேன், கொஞ்சம் புகை, கடைசியில உப்பு," என்றது ஒரு குரல். "இதையா யாரும் குடிக்காம வெச்சிருக்காங்க?"

சாம்பல் லேபிள் சிலிர்த்துப்போனது. அதன்பின் தினமும் மதியம் அந்தக் குரல் வந்தது. தினமும் ஒரு மடக்கு குறைந்தது.

"அந்த உதடு பனிக்கட்டியா இருக்கு. மூச்சே இல்லை," என்று கிளாஸ் நடுங்கியது.

"ருசி தெரிஞ்ச உதடு. எனக்கு அது போதும்," என்றது சாம்பல் லேபிள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த திரவியம், "அந்தச் சாம்பல் லேபிளைக் குடுங்களேன், ருசிச்சுப் பார்ப்போம்," என்றார். பாட்டில் தன் தக்கையை இறுகக் கவ்விக்கொண்டது. அவர் திருகினார், இழுத்தார், முழங்காலில் இடுக்கியும் பார்த்தார். தக்கை அசையவில்லை. தங்க லேபிளையே குடித்துவிட்டுப் போனார்.

"உன்னைக் கேட்ட முதல் உயிருள்ள ஆள் அவர்," என்றது கிளாஸ்.

"அவர் குடிச்சா மதியத்துக்குக் குறைஞ்சுபோயிடுமே."

மறுநாள் மதியம் கதவு திறந்தது. சாம்பல் லேபிள் தக்கையைத் தளர்த்திக்கொண்டு காத்திருந்தது. கிளாஸ் எழும்பியது. ஆனால் கழன்றது தங்க லேபிளின் மூடி.

"எல்லாரும் இதைத்தானே கேக்கறாங்க," என்றது குரல்.