பின்னாலேயே ஒரு பைக்

தனியாக நடந்து போகிற பொம்பளப் பிள்ளைக்குப் பின்னாலேயே ஒருத்தன் பைக்கை உருட்டிக்கொண்டு போனால், நீங்களாயிருந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பீர்களா?

ஷிராணியால் இருக்க முடியவில்லை. அதுவும் அந்த பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்துகொண்டு.

வத்தளையிலிருந்து கந்தப்பளைக்கு இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தார்கள். தேயிலை மலையில் சூரியன் இறங்குவதைக் காட்டுவதாக ஒரு போர்டைப் பார்த்துவிட்டு, புருஷன் ஜூட்சன்தான் இந்த நாலு சக்கர பைக் டூருக்குப் பெயர் கொடுத்தான். அவனுக்குத் தனி பைக். ஓட்டப் பயந்த ஷிராணி, முன்னால் வழிகாட்டிப் போகும் கைட் லோஜனின் பைக்கில் ஏறிக்கொண்டாள்.

ஏறும்போது நல்லபடியாகத்தான் பேசினான்.

"கெட்டியா பிடிச்சுக்குங்க அக்கா. இங்க விழுந்தா கொழுந்தோட கொழுந்தா ஃபெக்டரிக்கு ஏத்திருவாங்க."

ஆறேகாலுக்குள் உச்சிக்குப் போய்விட வேண்டும். பிந்தினால் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். முதல் இரண்டு வளைவு பறந்தான். மூன்றாவது வளைவில் பைக் தவழ ஆரம்பித்தது.

முன்னால் வெள்ளை யூனிபோம், இரட்டைப் பின்னல், தோளில் பை. பதினாறு வயதிருக்கும். கிளாஸ் முடிந்து தோட்டத்து லயத்து வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

லோஜன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான். அவள் திரும்பவுமில்லை, ஒதுங்கவுமில்லை.

"எடம் இருக்கே தம்பி. தாண்டிப் போங்க."

"போவோம் அக்கா."

போகவில்லை. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். யாரும் வருகிறார்களா என்று நோட்டம் விடுகிறான் என்றே ஷிராணிக்குப் பட்டது.

"அந்தப் பிள்ளையைத் தெரியுமா?"

"தெரியும். செவ்வாயும் வியாழனும் இந்த நேரத்துக்குத்தான் வருவா."

ஷிராணிக்குத் திக்கென்றது.

"கிழமை வரைக்கும் கணக்கு வச்சிருக்கீங்களா?"

அவன் மறுபடியும் இரண்டு பக்கமும் பார்த்தான். பின்னாலிருந்து ஜூட்சன் கத்தினான்.

"என்ன லோஜன், தேர் இழுத்துட்டா போறோம்? சூரியன் போயிரும்."

"நிப்பாட்டுங்க," என்று ஷிராணி இறங்கிவிட்டாள். "உங்க வீட்டுல அக்கா தங்கச்சி இல்லையா? இப்பவே ஒபிசுக்குச் சொல்றேன்."

லோஜன் முகம் செத்துப்போனது.

"வேணாம் அக்கா. மெதுவா போறேன்னு ஏற்கெனவே ரெண்டு கெஸ்ட் சொல்லிட்டாங்க. இன்னொருத்தரும் சொன்னா மனேஜர் வேலையை விட்டு நிப்பாட்டிருவார்."

"ரெண்டு பேர் சொல்லியும் புத்தி வரலையா?"

போனை எடுத்து அடித்தாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. கோபம் இன்னும் ஏறியது. எட்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்களும் நிப்பாட்டுங்க ஜூட்."

இரண்டு எஞ்சினும் நின்றன. மலை முழுக்க ஒரு சத்தம் இல்லை.

முன்னால் போன பிள்ளை அப்படியே நின்றாள். திரும்பினாள். பையை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு அவர்களைப் பார்த்து ஓடி வந்தாள்.

ஷிராணி இரண்டு கையையும் நீட்டினாள். "பயப்படாதே மகள். இவன் இனி உன் பின்னால வரமாட்டான்."

அந்தப் பிள்ளை அவளைத் தாண்டிப் போய் லோஜனின் பைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணா எஞ்சினை நிப்பாட்டுனீங்க? ஸ்டார்ட் பண்ணுங்க. சீக்கிரம்."

ஷிராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இந்த வளைவுலதான் அக்கா சிறுத்தை படுத்திருக்கும்," என்றாள் அந்தப் பிள்ளை, மூச்சு வாங்க. "போன மாசம் எங்க நாயை என் கண்ணு முன்னாலயே தூக்கிட்டுப் போச்சு. வண்டிச் சத்தம் கேட்டாத்தான் கிட்ட வராது."

ஷிராணி கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

ஜூட்சன்தான் கேட்டான். "அப்ப இந்தப் பிள்ளையை ஏத்திட்டே போகலாமே?"

"ஏத்தினா லயத்துல கதை கட்டிருவாங்க சேர். திரும்பி ஒரு தரம் சிரிச்சாலே போதும், வீட்டுல கிளாசை நிப்பாட்டிருவாங்க. கூடப் போன மூணு பிள்ளைங்களும் சிறுத்தைக்குப் பயந்து கிளாசை விட்டுட்டாங்க. இந்தக் கிருஷாந்தி மட்டுந்தான் விடாம போறா. இந்த வருஷம் ஓ.எல். எழுதணும்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி?"

"சிறுத்தைன்னு கெஸ்ட் காதுல விழுந்தா அன்னைக்கே வேலை போச்சு அக்கா. அப்புறம் யாரு டூருக்கு வருவாங்கன்னு மனேஜர் கேட்பார்."

ஷிராணிக்கு முகம் சுட்டது. லயத்தார் கட்டக்கூடிய கதையை அவள் ஒரே வளைவில் கட்டி முடித்திருந்தாள்.

கீழே தேயிலைச் செடி சரசரத்தது. காற்றாகவும் இருக்கலாம். நாலு பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

சாவியை ஷிராணியே திரும்பப் போட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். எஞ்சின் உறுமியது. கிருஷாந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெரியாதவள் போல முன்னால் நடந்தாள். சூரியன் எங்கேயோ இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அப்போது ஷிராணியின் போன் அடித்தது.

"மனேஜர் பேசுறேன் மெடம். கோல் எடுத்திருந்தீங்க. எங்க கைட்டால ஏதும் கரைச்சலா?"

முன்னால் லோஜனின் முதுகு விறைத்தது.

ஷிராணி அந்த வெள்ளை யூனிபோமைப் பார்த்தாள். அது இன்னும் இரண்டு வளைவு ஏற வேண்டும்.

"கரைச்சல் ஒண்ணுமில்லைங்க, நல்ல கைட். வேகந்தான் எனக்குத் தாங்கலை. இன்னும் கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்க."