தேசப்பன் பார்த்த மீன்கள்

தேசப்பனின் பையில் சோற்று டப்பாவுக்கு அடியில் கிடந்த புத்தகத்தை எடுத்துத் தரையில் போட்டாள் கோமளா. அட்டையில், கடலுக்கடியில் ஒருவன் சுறாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா இது?"

"கதைப் புஸ்தகம். தி.நகர் பிளாட்பாரத்துல வாங்கினேன்."

"நேத்தே படிச்சுப் பாத்துட்டேன். நீ கடலுக்கடியில பாத்ததா பொண்ணுகிட்ட தெனம் சொல்றியே, பவழக் காடு, வெளிச்சம் அடிக்கிற மீனு, அல்லாம் இதுல கீது. நீ முதுகுல காத்து சிலிண்டர் மாட்டிக்கினு கடல்லதான் எறங்கறியா, இல்ல எவ வூட்டுக்காவது போறியா?"

"வேலைக்குத்தாம்மே போறேன்."

"நேர்ல பாக்கறவனுக்குக் கதை எதுக்கு? உண்மையைச் சொல்லு. இல்லேன்னா பொண்ணைக் கூட்டிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

தேசப்பன் கைகளை விரித்துக் காட்டினான். உள்ளங்கை முழுக்கப் புதுக் கீறல்கள்.

"துறைமுகத்துல கப்பலுக்கு அடியில போறேன். எண்ணெயும் சேறும் கலந்த தண்ணி. டார்ச் அடிச்சாலும் என் கையே எனக்குத் தெரியாது. தடவித் தடவித்தான் கப்பல்ல ஒட்டிக்கினு கீற சிப்பியைச் சுரண்டறேன். இத்தினி வருசத்துல ஒரு மீனைக்கூட நான் பாத்ததில்ல. பொண்ணு கேக்குது, இன்னா சொல்றது? எனக்கும் பாக்கணும்னு ஆசை கீது. இந்தப் புஸ்தகத்துலதான் தண்ணி தெளிவா கீது."

கோமளா புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி அவன் பையில் வைத்தாள்.

"ஒரு நாளைக்கு ஒரு மீனு போதும்யா. சுறா, திமிங்கலம்னு அல்லாத்தையும் ஒரே நாள்ல அளந்தா, அவளும் என்னை மாதிரி சந்தேகப்படுவா."