வெந்நீர்த் திருட்டு

"அடுப்புல இருக்கிற பீன்ஸைக் கிளறிடாதே. ரெண்டு கட்டை போட்டுட்டு வந்து நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ராய்ஸ் கொல்லைப்பக்கம் போனான். பாய்லரின் இரும்புக் கதவு திறக்கிற சத்தம் அவன் மனைவி க்ளென்னாவுக்குக் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்கவில்லை.

மாரடைப்பு. அது ஜனவரி. வெர்மான்ட் மலையில் அந்த மாதம் தரை இரும்பாக இறுகிவிடும். "இப்பத் தோண்டினா மெஷினோட பல்லுதான் உடையும். மே மாசம் வரட்டும்மா" என்று கையை விரித்துவிட்டார் அடக்கம் செய்து தருகிறவர். சொந்த நிலத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டியவன், நகரத்துக் கல்லறைத் தோட்டத்தின் கல் அறையில், தன்னைப்போலவே காத்திருக்கும் நாலு பேரோடு ஒரு பலகைமேல் கிடந்தான். குளிர்காலத்துக்கு மடக்கி உள்ளே போட்ட தோட்டத்து நாற்காலி மாதிரி.

க்ளென்னாவுக்கு எல்லார்மேலும் கோபம். தரைமேல், குளிர்மேல், பீன்ஸைப் பார்த்துக்கொள்கிறேன் என்றவன்மேல். ஆனால் கோபத்தைக் கொட்டத் தோதாக அகப்பட்டவன் ஆர்மண்ட்தான்.

ஆர்மண்ட் அடுத்த நிலத்துக்காரன். வீட்டில் எண்ணெய் ஹீட்டர். "உங்க புகை நேரா என் படுக்கைக்கு வருது" என்று ராய்ஸோடு வருடக்கணக்காகச் சண்டை. ஊர்ச் சபை வரைக்கும் போயிருக்கிறான். ராய்ஸுக்கான பிரார்த்தனையில் கடைசி வரிசையில் நின்றான். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் போய்விட்டான்.

பாய்லருக்கு இப்போது அவள்தான் விறகு போட்டாள். கொல்லையில் தகரக் கொட்டகை மாதிரி அது தனியாக நிற்கும். அதில் காய்கிற தண்ணீர் மண்ணுக்கடியில் ஓடிவந்து வீட்டைச் சூடாக்கும். காலையும் மாலையும் போட்டால் போதும் என்றிருந்தது. இந்த வாரம் மத்தியானமும் போட்டாள், அப்படியும் வீடு சில்லென்றே கிடந்தது. வசந்தம்வரை வரவேண்டிய விறகு கண்ணெதிரே கரைந்தது.

"அணைச்சுப் போட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்துடு" என்றாள் ஃபோனில் தங்கை வெர்னா. "இந்த வயசுல உனக்கென்ன விறகுவெட்டி வேலை?"

"அக்டோபர்ல அவர் ஏத்தின நெருப்புடி. இன்னும் அணையல. நான் அணைப்பேனா?"

"அப்போ விறகெல்லாம் எங்கதான் போகுது? கால் முளைச்சு நடக்குதா?"

அன்றைக்குத் தபால் பெட்டியருகே ஆர்மண்ட் எதிரே வந்தான். பூட்ஸ் முழுக்கப் புதுச் சேறு. கொஞ்சம் தயங்கி, "வீடு சூடா இருக்கா?" என்று கேட்டான்.

"ஏன், செத்த வீட்டுலயும் புகை நிக்கலையேன்னு வருத்தமா?"

அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு போனான். அந்தப் பார்வைதான் அவளை உறுத்தியது. தப்புச் செய்தவன் பார்வை.

நேரே பாய்லரின் பின்பக்கம் போய்ப் பனியை வாரித் தள்ளினாள். என்றைக்காவது கண்ணாடிக்கூடம் கட்டித் தக்காளி வளர்க்கலாம் என்று ராய்ஸ் விட்டுவைத்திருந்த உபரி வெந்நீர்த் திறப்பில் ஒரு கறுப்புக் குழாய் மாட்டியிருந்தது. தொட்டாள். சுட்டது. பனிக்கடியில் அது ஆர்மண்ட் வேலியைப் பார்த்து ஓடியது.

அங்கேயே வெட்டியிருப்பாள். ஆனால் அவன் பார்க்க வெட்ட வேண்டும். கோடாலியைத் தூக்கிக்கொண்டு குழாயின் தடம் பிடித்து நடந்தாள். பனி எல்லா அடையாளத்தையும் மூடியிருந்தது. அவளும் அக்கம்பக்கம் பார்க்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம், மேப்பிள் மரங்களுக்கு நடுவே, தார்ப்பாய் போட்ட ஒரு வைக்கோல் குவியலிலிருந்து ஆவி பறந்தது. பக்கத்தில் கையில் ஒரு நீளக் கம்பியோடு ஆர்மண்ட்.

"என்னய்யா இது? உன் கோழிக்குக் குளிருதா? இல்ல, உன் தண்ணிக்குழாய் உறைஞ்சுபோச்சா?"

"க்ளென்னா, முதல்ல அந்தக் கோடாலியைக் கீழ வை."

"புகை ஆகாது, நெருப்பு மட்டும் வேணும். அப்படித்தானே? ஊர்ச் சபையில நியாயம் பேசின வாயா இது? அந்த மனுஷன் அங்க பலகைமேல விறைச்சுக் கிடக்கார். அவர் வெட்டிவெச்ச விறகுல நீ குளிர் காயறே!"

"கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். பலிக்குமான்னே தெரியாம எப்படி வந்து கேக்கறது?"

"திருடுறவன் எந்த ஊர்ல கேட்டுட்டுத் திருடறான்?"

"கத்தி முடிச்சுட்டியா?"

"இல்லை!" என்று கோடாலியை ஓங்கினாள்.

அவன் தடுக்கவில்லை. தார்ப்பாயை உருவினான். வைக்கோலை இரண்டு கையாலும் வாரி ஒதுக்கினான். சுருள் சுருளாகக் கிடந்த குழாய்க்கு அடியில், ஓர் ஆள் நீளத்துக்கு, மண் கறுத்து ஈரமாக மினுங்கியது. சூட்டில் பக்கத்துப் பனியும் சரிந்திருந்தது. அங்கே ராய்ஸின் அப்பா பெயர் வெட்டிய கல்லின் தலை தெரிந்தது.

ஆர்மண்ட் கம்பியை மண்ணில் ஊன்றி அழுத்தினான். அவன் கைப்பிடி மண்ணைத் தொடுகிறவரை அது வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"இளகிடுச்சு, க்ளென்னா. நாளைக்கே அவனைக் கூட்டிட்டு வந்துடலாம்."