பூட்டுக்கு மேலே மூன்று வரி

கருப்பம்மா தகரப் பெட்டியோடு எஸ்டேட் லைன் வீட்டை விட்டு இறங்கியபோது, ஒருத்தரும் கை கொடுக்க வரவில்லை.

“பேப்பர்காரர்கிட்ட தொரையைப் புகழ்ந்து பேசுனதுக்குக் கூலி வந்துருச்சுங்க. கூடலூர்ல ஊடே பார்த்துக் குடுத்திருப்பாங்க” என்றாள் ரேணுகா, காதில் விழட்டும் என்றே.

கருப்பம்மா நிற்கவில்லை. வாசுகி வீட்டு வாசலில் மட்டும் பெட்டியை இறக்கினாள்.

“போயிட்டு வரேன் வாசுகி.”

வாசுகி கதவைச் சாத்தினாள்.

பின்னே? தேயிலை விலை விழுந்ததும் எஸ்டேட் முதலில் கைவைத்தது ஆம்புலன்ஸில்தான். அதை நிறுத்திய பதினோராம் நாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த வாசுகியின் புருஷன் பாலு, கொழுந்து லாரியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனான்.

விசாரிக்க ஒரு நிருபர் வந்தார். வேலை போய்விடுமே என்று லைனே வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டது. பேசியவள் கருப்பம்மா ஒருத்திதான்.

செய்தி இன்டர்நெட்டில் மட்டும் வந்தது. ரேணுகாவின் போனைச் சுற்றி நின்று படித்தார்கள்.

‘தொழிலாளி கருப்பம்மா (54) கூறுகையில், “முப்பது வருஷமா இங்க இருக்கேன். எஸ்டேட் எங்களுக்கு ஒரு குறையும் வெச்சதில்ல. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் எல்லாம் குடுத்தாங்க...”’

அதோடு சரி. கீழே ஒரு பூட்டுப் படம். மேற்கொண்டு படிக்கச் சந்தா கட்டச் சொன்னது.

“அதுக்குக் கீழதான் புள்ள எல்லாத்தையும் சொன்னேன்” என்றாள் கருப்பம்மா.

“நீங்க தொரைக்குப் பாடுன பாட்டைப் படிக்க நாங்க காசு கட்டணுமாக்கும்?” என்றாள் ரேணுகா.

மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய். இருபத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஐந்து ரூபாய் போட்டால் மிச்சமே இருக்கும். ஆனால் ஏசுவதற்கு அந்த ஐந்து ரூபாயும் வேண்டாமே.

பத்து நாள் யாரும் அவளோடு பேசவில்லை. இன்று அவளும் கிளம்பிப் போய்விட்டாள்.

மதியம், பாலுவின் பி.எஃப். பேப்பரில் கையெழுத்து வாங்க வாசுகி எஸ்டேட் ஆபீசுக்குப் போனாள். கிளார்க் ஹெர்பர்ட்டின் மேஜையில் அதே செய்தி, தாளில் அச்சடித்துக் கிடந்தது. பூட்டு இல்லை. கீழ்ப் பாதி முழுக்கச் சிவப்பு மையில் அடிக்கோடு.

வாசுகி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

‘“...அதெல்லாம் அப்போ. இப்ப ஆம்புலன்சை நிறுத்தி வாசுகி புருஷனைக் கொன்னுட்டாங்க. அந்தப் புள்ளைக்கு நியாயம் கிடைக்கணும். என் பேரைப் போட்டுக்கங்க. எனக்குப் பயமில்ல.”’

ஹெர்பர்ட் குரலைத் தாழ்த்தினார்.

“சொன்னதெல்லாம் பொய்னு எழுதிக் குடுத்தா லைன்லயே இருந்துக்கலாம்னு தொரை சொன்னாரும்மா. அந்தம்மா முடியாதுன்னுட்டாங்க. வேலையும் போச்சு, ஊடும் போச்சு.”

காலையில் தான் சாத்திய கதவு வாசுகியின் கண் முன்னால் நின்றது.

“எங்களுக்குப் பூட்டிக் கிடந்துச்சுங்களே. உங்களுக்கு மட்டும் எப்படிங்க திறந்துச்சு?”

“அந்தம்மா என்ன பேசுனாங்கன்னு பார்க்கத் தொரை அன்னைக்கே சந்தா கட்டிட்டாரும்மா. தொண்ணூத்தொம்பது ரூபாதானே.”