மேஜர் நின்ற இடம்

நிலச்சரிவில் ஜவான்களைக் காப்பாற்றி உயிர்விட்ட மேஜருக்குப் பதக்கம் என்று டெல்லியில் அறிவித்த மறுநாளே, திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. 'வீர மைந்தனுக்கு வீரவணக்கம்!' கவுன்சிலர் சீட்டுக்கு அலைகிற கோதண்டம் பின்னே சும்மா இருப்பானா?

மேஜர் வீட்டுக்கு ஆள் அனுப்பினான். பத்திரிகைக்காரர்கள் அள்ளிப் போனது போக மிஞ்சியிருந்தது ஒரு கல்யாண போட்டோதான். மணப்பெண்ணை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கும்பிட்டபடி இளிக்கும் தன் படத்தைப் போடச் சொன்னான். பேப்பர் படிக்கிற கெட்ட பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது.

"மாலை கோணலா கீது பாரு, இழுத்துக் கட்டுடா!" என்று கத்திக்கொண்டிருந்தவன் பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய ஆளைப் பார்த்ததும் கோதண்டத்துக்கு வேர்த்துக் கொட்டியது. ஃப்ளெக்ஸில் மாலை போட்டிருந்த அதே முகம்!

"சா... சார்! நீங்க சாவலியா?"

"இன்னும் இல்லீங்க. ஆர்.கே.பேட்டை ஸ்கூல்ல வாத்தியாரா கீறேன்."

"அப்போ மேஜரு?"

அவர் ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்தார்.

"அதோ, நீங்க இளிச்சிகினு கீறீங்களே, அந்த எடத்துல நின்னுகினு இருந்தவதாங்க மேஜரு. என் பொண்டாட்டி."